நிலநடுக்கத்துக்குப் பிறகு: நிவாரணத்தில் மக்கள் பங்கேற்பு என்றால் என்ன?

எங்காவது பெரிய நிலநடுக்கம் என்று செய்தி வந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் உடனே வேலை தொடங்கிவிடும். கல்லூரிப் பிள்ளைகள் உண்டியலோடு பேருந்து நிலையத்துக்கு வருவார்கள். கடைத்தெருவில் அரிசி சேரும், போர்வை சேரும், பழைய புடவை மூட்டை மூட்டையாகச் சேரும். "என்னங்க அனுப்பலாம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல மனசிலிருந்து வருகிற கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அங்கே வீடிழந்து நிற்பவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களிடமே யாராவது கேட்டார்களா?

கேட்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் வந்த நிலநடுக்கம்தான் சுனாமியை எழுப்பியது. நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி போனது. பிறர் உடுத்திக் கழித்ததை வாங்கிக் கட்ட அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் உழைத்துச் சம்பாதித்துப் புதுத்துணி எடுத்து வாழ்ந்தவர்கள். துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்துவதே தனி வேலையாயிற்று.

நிவாரணத் துறையில் இருப்பவர்கள் 'மக்கள் பங்கேற்பு' என்று சொல்வது இந்தக் குறையைச் சரிசெய்யும் வேலையைத்தான். அதில் நான்கு காரியங்கள் அடங்கும். என்ன உதவி, எப்போது, யாருக்கு என்பதை மக்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்கேற்ப வேலையை மாற்ற வேண்டும். முதல் இரண்டையும் ஓரளவு எல்லோரும் செய்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், புகார்ப் பெட்டி வைக்கிறார்கள். பதில் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலான அமைப்புகள் தடுக்கி விழுகின்றன. நான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அந்த மூன்றாவது காரியத்தைத்தான்.

முதலில் வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர்

நிலநடுக்கம் என்றதும் ஹெல்மெட் போட்ட மீட்புப் படையும் மோப்ப நாயும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. அவர்கள் செய்வது பெரிய வேலை, அதில் சந்தேகமில்லை. 2023 பிப்ரவரி 6 அன்று அதிகாலை 4.17 மணிக்குத் துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவில் பூமி அதிர்ந்தபோது, இந்தியாவிலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை போனது. நூர்தாயி என்ற ஊரில் இடிபாட்டுக்குள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடு இருப்பதை 'ஜூலி' என்ற அந்தப் படையின் நாய் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் கணக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஜப்பானின் கோபே நகரில் 1995 ஜனவரி 17 அன்று நடந்த நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான்.

காரணம் எளிது. தமிழ்நாட்டுக்கான தேசிய மீட்புப் படைப் பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து அரூர் மலையடிவாரத்துக்கோ அஞ்செட்டிக்கோ வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அதற்குள் யார் மண்ணை அள்ளுவார்கள்? தெருவில் இருப்பவர்கள்தான். படை வந்த பிறகும் தெருக்காரர்கள் சொல்லும் தகவல் இல்லாமல் வேலை நகராது. "பாட்டி திண்ணையிலதான் படுப்பாங்க சார், பேத்தி உள்ரூம்ல, அடுப்பங்கரை சுவரை ஒட்டி" என்று ஒருவர் சொன்னால் எங்கே தோண்டுவது என்பது முடிவாகிவிடும். மகாராஷ்டிரத்தில் லாத்தூர்ப் பகுதியின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அன்று பூமி அதிர்ந்தபோதும் அதிகாலை நான்கு மணிகூட ஆகவில்லை. ஊரே தூக்கத்தில் இருந்தது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். யார் எந்த அறையில் படுத்திருந்தார்கள் என்பது அந்த நேரத்தில் உயிர் காக்கிற தகவல். அது எந்த அரசு அலுவலகப் பதிவேட்டிலும் கிடைக்காது.

கில்லாரியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இமயமலை அடிவாரத்தில் இல்லை. நம்மைப் போலவே தென்னிந்தியத் தீபகற்பத்தின் பழைய பாறை மேல் இருக்கிற ஊர், பெரிதாக ஒன்றும் நடக்காது என்று நம்பப்பட்ட இடம். கோயம்புத்தூரிலும் 1900 பிப்ரவரியில் 6 அளவை ஒட்டி ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. இது வேறு யாருக்கோ உரிய பாடம் என்று ஒதுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அளவுகோல் போதுமா?

உலகம் முழுவதும் நிவாரண அமைப்புகள் கடைப்பிடிக்கிற 'ஸ்பியர்' என்ற கையேடு ஒன்று இருக்கிறது. 1997-ல் தொடங்கிய முயற்சி. ஒரு மனிதர் கண்ணியமாக உயிர்வாழக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று அது எண்ணிக்கையில் சொல்கிறது: ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது, குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், தங்கும் இடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. இந்த எண்கள் இல்லாவிட்டால் ஒவ்வொரு அமைப்பும் தன் வசதிப்படி கொடுத்துவிட்டுப் போய்விடும். அவை கட்டாயம் வேண்டும்.

ஆனால் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் முகாம் தப்பாக நடக்கலாம். பாலக்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் முகாம் என்று வைத்துக்கொள்வோம். நானூறு பேருக்கு இருபது கழிப்பறை. கணக்கு சரி. அவை மைதானத்தின் கடைசியில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், விளக்கு இல்லாமல், உள்தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கின்றன. மாலை ஐந்து மணியோடு பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாளில் நீர்க்கடுப்பு, காய்ச்சல். மருத்துவ முகாமில் மாத்திரை கொடுப்பார்கள், ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பொதுக்கூட்டத்தில் "ஏதாவது குறை இருக்குதாம்மா?" என்று மைக்கில் கேட்டால், ஆண்கள் நடுவில் எந்தப் பெண் எழுந்து இதைச் சொல்வாள்? "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். பாய் விரித்து நாலு பெண்கள் மட்டும் உட்கார்ந்து, ஒரு பெண் ஊழியர் பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் விஷயம் வெளியே வரும். அதற்குத் தேவைப்படுவது கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் இரண்டு விளக்கும்தான். செலவு சொற்பம், கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

மாதவிடாய்த் துணி, அதைத் துவைத்துக் காயப்போட மறைவான இடம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தடுப்பு, வயதானவர்கள் மென்று தின்னக்கூடிய உணவு ஆகியவையும் இப்படித்தான் விட்டுப்போகும். கேழ்வரகுக் களியிலேயே வளர்ந்த ஒரு தாத்தாவுக்கு மூன்று வேளையும் ரொட்டிப் பொட்டலம் கொடுத்தால் அவர் பாதியை ஒதுக்கிவைத்துவிடுவார். வாய் திறந்து கேட்கவும் மாட்டார்.

யாரிடம் கேட்பது?

ஊருக்குப் போய் இறங்கியதும் அமைப்புகள் தேடுவது தலைவரை. தலைவர் வருவார், நாற்காலி போடுவார், பட்டியல் கொடுப்பார். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவர் கண்ணில் படாதவர்கள் இருப்பார்கள். சுனாமிக்குப் பிறகு நாகையிலும் கடலூரிலும் தலித் கூலித் தொழிலாளர்கள், தனித்து வாழும் பெண்கள் எனப் பலர் முதல் பட்டியல்களுக்கு வெளியே நின்றார்கள். படகு இழந்தவர் கணக்கில் வந்தார். அந்தப் படகை நம்பி மீன் சுமந்து விற்றவர் வரவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கிற நிலைமையில் இதை மூடி மறைத்துப் பேசிப் பயனில்லை. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக நடந்து போய்க் கேட்க வேண்டும். கூட்டம் கோயில் திடலில்தான் என்று வைத்தால் யார் வர மாட்டார்கள் என்பது உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும்.

ரேஷன் கார்டு இன்னொரு சிக்கல். ஒரு கார்டுக்கு ஒரு தார்ப்பாய் என்று அறிவித்தால் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிகிற வீடுகள் எத்தனை! அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே கார்டில் இருக்கும். புருஷனை இழந்த பெண் மாமியார் கார்டில் இருப்பாள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் கார்டு ஊரில் இருக்கும், பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கும். பதிவு மேஜையில் உட்காரும் இளைஞருக்கு இதெல்லாம் படிவத்தில் தெரியாது. பக்கத்தில் அந்தத் தெருவின் அங்கன்வாடி அம்மா ஒருவரை உட்காரவைத்தால் பாதிப் பிரச்சினை அந்த மேஜையிலேயே தீரும்.

மொழியையும் விட முடியாது. ஹைட்டியில் 2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவில் நிலநடுக்கம் வந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உதவியை ஒருங்கிணைக்கும் கூட்டங்கள் ஐ.நா. வளாகத்துக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. அந்த நாட்டு மக்கள் அனைவரும் பேசுவது கிரியோல். உள்ளூர் அமைப்புகள் பலவற்றுக்கு உள்ளே நுழையவே சிரமம், நுழைந்தாலும் பேச்சு புரியவில்லை. நம் பக்கத்தில் தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் கிராமங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளைச் சுற்றி வாடகை அறைகளில் இருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிவிப்புப் பலகையால் என்ன பயன்? செய்தித்தாள் தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டு 'மக்களுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று அறிக்கை எழுதினால், அது அறிக்கைக்கு மட்டும்தான் உதவும்.

பதில்

இனி நான் முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். ஹைட்டி நிலநடுக்கம் நடந்த அதே ஆண்டு அக்டோபரில் அங்கே காலரா வெடித்தது. அதற்கு முன் நூறு ஆண்டுகளாவது அந்த நாட்டில் காலரா இருந்ததற்குப் பதிவே இல்லை. ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து ஆற்றில் கலக்கும் கழிவுதான் காரணம் என்று ஆற்றங்கரை மக்கள் தொடக்கத்திலேயே கை நீட்டிக் காட்டினார்கள். அறிவியல் ஆய்வுகளும் பிறகு அதையே சொல்லின. ஐ.நா. பல ஆண்டுகள் நேரான பதில் சொல்லவில்லை. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பான் கி-மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அதற்குள் கிட்டத்தட்ட 10,000 பேர் காலராவில் இறந்திருந்தார்கள். உதவ வந்தவர்கள் மேல் ஒரு நாட்டு மக்களுக்கு எவ்வளவு அவநம்பிக்கை படிந்திருக்கும்! அவர்கள் சொன்னதைக் குறை என்று ஒதுக்காமல் தகவல் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பதில் என்றால் எல்லாவற்றுக்கும் 'சரி' என்று சொல்வது இல்லை. 'முடியாது, காரணம் இது' என்பதும் பதில்தான். பலமுறை அதுதான் நேர்மையான பதில். "இந்த வாரம் தார்ப்பாய் முந்நூறுதான் வந்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் படுக்கையில் இருக்கிறவர் வீட்டுக்கும் முதலில் தருகிறோம். மற்றவர்களுக்கு அடுத்த லாரி வந்ததும் தருகிறோம், வராவிட்டால் அதையும் வந்து சொல்கிறோம்" என்று தெருமுனையில் நின்று சொன்னால் மக்கள் கோபப்படுவார்கள், ஆனால் நம்புவார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் 'தலைவர் வீட்டுல அம்பது இறங்கிடுச்சாம்' என்ற பேச்சு மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 9,000 பேர் இறந்த பிறகு, இன்ன நேரத்தில் இன்னும் பெரிதாக ஒன்று வரும் என்ற வதந்திகள் பறந்தன. மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று வந்ததும் பயம் கூடியது. அங்கே 'ஓபன் மைக் நேபாள்' என்ற முயற்சியில் ஊர் ஊராக என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த விடையைச் சமூக வானொலிகளுக்கும் களப்பணியாளர்களுக்கும் கொடுத்தார்கள். நிலநடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. பின்னதிர்வுகள் வரும் என்பது மட்டும் உறுதி. இந்த இரண்டு வரியைத் தினமும் நம்பிக்கையான குரலில் கேட்பவர் வாட்ஸ்அப் குரல்பதிவுக்கு அவ்வளவு சீக்கிரம் பயப்பட மாட்டார்.

இன்னொரு தகவல் முதல் நாளே எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். நிவாரணம் இலவசம். அதற்காக யாரும் பணம் கேட்கக் கூடாது, வேலை வாங்கக் கூடாது, உடலைக் கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் யாரிடம் ரகசியமாகச் சொல்லலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். முகாம் நடுவில் பூட்டிய புகார்ப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டால், எழுதத் தெரியாதவர் அதைத் தொடமாட்டார். எழுதத் தெரிந்த பெண்ணும் நாலு பேர் பார்க்க அதில் சீட்டுப் போடமாட்டாள். தொலைபேசி எண், நேரில் பேசப் பெண் ஊழியர், தெருவுக்கு ஒரு நம்பிக்கையான ஆள் என்று பல வழிகள் திறந்திருக்க வேண்டும்.

வீடு கட்டும்போது

நிவாரணப் பொருள் சில மாதத்தில் நின்றுவிடும். வீடு தலைமுறைக்கு நிற்கும். அதனால் இங்கே கேட்காமல் விட்டால் தவறும் தலைமுறைக்கு நிற்கும். கில்லாரிப் பகுதியில் மிக மோசமாக அழிந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களை வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். நகர்க் குடியிருப்பு போல நேர்கோட்டுத் தெருக்கள், வரிசை வீடுகள். மாடு கட்ட இடம் எங்கே, பக்கத்து வீட்டில் உறவுக்காரர் இருந்த அமைப்பு எங்கே என்று மக்கள் திகைத்தார்கள். ஆனால் அதே திட்டத்தில், சேதம் குறைவாக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் வேறு மாதிரி நடந்தது. அங்கே பழுதுபார்த்து வலுப்படுத்தும் வேலையை வீட்டுக்காரர்களே செய்தார்கள். பெண்கள் குழுவிலிருந்து 'சம்வாத் சகாயக்' என்ற பெயரில் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, மக்களுக்கும் பொறியாளர்களுக்கும் நடுவே நின்றார்கள்.

குஜராத்தின் கட்ச்சில் 2001 ஜனவரி 26 அன்று 7.7 அளவில் நிலநடுக்கம் வந்து 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஊர்களை இடம் மாற்றலாம் என்றுதான் முதலில் யோசனை எழுந்தது. பெரும்பாலான கிராமங்கள் மறுத்துவிட்டன. அரசு அந்தப் பதிலைக் கேட்டு வழியை மாற்றியது. பணம் தவணையாக வீட்டுக்காரர் கணக்குக்குப் போனது. அவர் தன் மனையிலேயே கட்டிக்கொண்டார். பொறியாளர் வந்து அடித்தளமும் கம்பி கட்டும் விதியும் சரியா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. 'அபியான்' என்ற தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு கிராமங்களுக்கு நடுவே 'சேது' என்ற தகவல் மையங்களை வைத்து, அரசாணையை மக்களுக்கும் மக்கள் சிக்கலை அரசுக்கும் எடுத்துச் சொன்னது. லாத்தூர்ப் பெண்களே கட்ச்சுக்குப் போய்த் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். தானே கட்டிய வீட்டில் தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். இது எனக்கு மிகவும் பிடித்த முறை. நிலம் இல்லாதவருக்கும் பட்டா இல்லாதவருக்கும் மட்டும் இது தானாகக் கை கொடுக்காது, அவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நேபாளத்திலும் நிலப் பத்திரம் இல்லாதவர்கள் வீட்டுத்தொகை வாங்க மிகவும் அலைந்தார்கள்.

நம் கையில் ஏற்கெனவே இருப்பது

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் முதலில் தொடங்கப்பட்டது தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். எந்த வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை, எந்த வீட்டில் படுக்கையில் ஒருவர் என்பது அந்தத் திட்டத்தின் தன்னார்வலப் பெண்களுக்குத் தெரியும். கட்ச்சிலும் லாத்தூரிலும் பேரழிவுக்குப் பிறகு உருவாக்க வேண்டியிருந்த வலை நம்மிடம் முன்னாலேயே இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, வண்டிகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். நிலநடுக்கமோ வெள்ளமோ, தெருவில் யார் யார் என்று தெரிந்தவர் அந்த நேரத்தில் தங்கத்துக்குச் சமம்.

தூர ஊருக்கு உதவ நினைப்பவர்கள் பொருளைவிடப் பணமாகக் கொடுப்பதே நல்லது. அங்கே கடை திறந்திருந்தால் அந்தக் குடும்பமே தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளும், உள்ளூர் வியாபாரமும் எழும். நீங்கள் பணம் கொடுக்கப்போகும் அமைப்பிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த ஊரில் உங்களோடு வேலை செய்யும் உள்ளூர் ஆட்கள் யார், மக்கள் புகார் சொல்ல என்ன வழி வைத்திருக்கிறீர்கள், புகார் வந்து நீங்கள் மாற்றிய ஒரு காரியத்தைச் சொல்ல முடியுமா. மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பிக் கொடுக்கலாம்.

நம் ஊருக்கான வேலைக்கு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தெருவாரியாகத் தனித்து வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி, வெளிமாநிலத் தொழிலாளர் பட்டியலை யார் வைத்திருப்பது, ஆண்டுக்கு ஒருமுறை யார் திருத்துவது, முகாம் என்றால் எந்தக் கட்டடம், அங்கே பெண்களுக்கான கழிப்பறையில் விளக்கும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண் எத்தனை வீட்டில் தெரியும் என்று கேட்டு, எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தில் அதற்கு என்ன பதில் என்றும் கேட்கலாம்.